பச்சை வாளி

முன்னூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிகள் கொண்டுபோனோம்.
சோங்வே பாலத்துச் சுங்கச் சாவடியில்
பெட்டியைப் பிரித்தவர்
ஒன்றைத் தானே மாட்டிப் பார்த்தார்.
கழற்ற மனமில்லாமல் சிரித்தார்.
முன்னூற்றுப் பதினொன்று.

மலாவி ஏரியின் வடகரை.
தகரக் கூரை போட்ட, கதவில்லாத ஆலயம்.
எழுத்து அட்டையைச் சுவரில் அடித்தேன், ஆணி வளைந்தது.
பிள்ளைகள் ஆணியின் கட்சியில் சேர்ந்து
கைதட்டினார்கள்.

வந்தவர்கள் 'யேவோ' என்றார்கள்.
போனவர்களும் 'யேவோ' என்றார்கள்.
வணக்கத்துக்கும் நன்றிக்கும் அங்கே ஒரே சொல்.
அது தெரியாத முதல் நாள் முழுக்க,
வாங்குமுன்பே நன்றி சொல்கிறார்களே என்று
உள்ளுக்குள் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

திவோங்கேவுக்கு எழுத்துத் தெரியாது.
'வேதம் வாசிக்கத்தானே?' என்று
லுசுங்குவை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன்.
அறிக்கையில் எழுத வசதியாக இருக்கும்.
அவள் முந்தியை அவிழ்த்து
ஒரு பிடி பயறை மேசைமேல் கொட்டினாள்.
கண்ணாடியை மாட்டினாள்.
கல். இன்னொரு கல். ஒரு வண்டு.
'அப்போ இத்தனை வருஷம்
என் புருஷன் கத்தினதெல்லாம் நிஜமா!'
வரிசை முழுக்கச் சிரித்தது.
கடைசியில் நின்ற புருஷனும் சிரித்தான்.
முன்பல் ஒன்று உடைந்திருந்தது.

எப்போதும் சிரிக்கிறவர்கள் என்று சொல்லமாட்டேன்.
அன்று மாலையே உரக்கடன் பேச்சில்
இரண்டு மூப்பர்கள் கைகலக்காத குறை.
தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி
என் ஃபோனைக் கண்டதும் முதுகைத் திருப்பினாள்.
பைக்குள் போட்டேன்.
கண்ணால் பார்க்க ஆரம்பித்தது
அதற்குப் பிறகுதான்.

ஞாயிறு. காணிக்கை நேரம்.
நான் பழகிய வெல்வெட் பை
வாயை மூடிக்கொண்டு வரும்,
வாயை மூடிக்கொண்டு போகும்.
இங்கே நடுவில் ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி.
ஆடிக்கொண்டு போய்ப் போடுகிறார்கள்.
ஒரு காசு போட்டவர்
மறு காசுக்கு மறுபடி ஆடி வருகிறார்.
ஒருவன் கருவாடு கொண்டுவந்தான்.
ஒரு சிறுமி, ஒற்றை முட்டையை இரு கையில் ஏந்தி,
முட்டை ஆடாமல் அவள் மட்டும் ஆடி.

ஐயாயிரம் குவாச்சா நோட்டை நாலாக மடித்துப்
போட்டுவிட்டு நழுவினேன்.
வாளிக்காரி எடுத்துத் திருப்பித் தந்தாள்.
பாட்டு நிற்கவில்லை.
லுசுங்கு காதோரம் குனிந்தான்:
'பணம் வந்துவிட்டதாம்.
நீங்கள் இன்னும் வரவில்லையாம்.'

எனக்கு ஐம்பத்து மூன்று வயது.
இடது முழங்காலில் தேய்மானம்.
அவர் போன நாலு வருஷமாய்
ஜெபத்தில் மடங்கியது முழங்கால் மட்டும்தான்.
யாரிடமும் சொன்னதில்லை.
கண்ணாடிகளை எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன்.
விசுவாசிகளை எண்ணியபோது
என்னையும் எண்ணிக்கொண்டார்கள்.

அந்த முழங்காலோடு
அந்தச் சிறுமிக்குப் பின்னால் போய் நின்றேன்.
எப்படி ஆடினேன் என்று கேட்காதீர்கள்.
சேற்றில் செருப்பைத் தேடும் கொக்கு.
திவோங்கே கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு
நன்றாகப் பார்த்துச் சிரித்தாள்,
நான் கொடுத்த கண்ணாடி.
நோட்டு எப்போது கையைவிட்டுப் போனதென்று தெரியாது.
பாட்டு முடிந்தபோது
நான் இன்னும் வாளியருகே நின்றேன்,
மூச்சு வாங்கிக்கொண்டு, கன்னம் நனைந்து,
சிரித்துக்கொண்டும்.

முட்டை ஏலத்துக்கு வந்தது.
ஐநூறுக்கு எடுத்துச் சிறுமியிடமே கொடுத்தேன்.
ஒரு கணம் யோசித்தாள்.
மறுபடி வாளிக்கு ஆடிப்போனாள்.
மறுபடி ஏலம்.
மூன்றாம் சுற்றில் போதகர் எழுந்து
பிரசங்கத்துக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்று
கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

திரும்பும்போது அதே சாவடி.
அதே மனிதர், மூக்கில் அதே கண்ணாடி.
காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்.
கருவாட்டு வாசனை மட்டும் இருந்தது.
முத்திரை குத்தி, 'யேவோ' என்றார்.

இரண்டில் எது என்று நான் கேட்கவில்லை.
அறிக்கையில் எண்ணைத் திருத்தினேன்:
முன்னூற்றுப் பன்னிரண்டு.